லாசெட்டரின் தங்க ரீஃப்: இந்தக் கதையை எங்கிருந்து தட்டிப் பார்ப்பது

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில், தங்கம் பாய்ந்த பாறை ஒன்று மைல்கணக்கில் வெளியே தெரிகிற மாதிரி கிடக்கிறது, அதைப் பார்த்த ஒரே ஆள் மறுபடி தேடிப் போய்ச் செத்துப்போனார், அதற்கப்புறம் யார் கண்ணிலும் அது படவில்லை. கதை இவ்வளவுதான். இதை முதன்முதலாகக் கேட்கிற எவரும் உடனே கேட்பது, "அந்தத் தங்கம் இருக்கா, இல்லையா?" என்றுதான். நானும் அந்தக் கேள்வியோடுதான் இறங்கினேன், இரண்டு வருஷம் வீணாய்ப் போனது. கடைசியாக வந்த புத்தகத்தை எடுத்தேன், அதில் சொன்னதைச் சரிபார்க்க அதற்கு முந்தையதை எடுத்தேன், எல்லாரும் அரைத்த மாவையே அரைத்து ஆளுக்குக் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்திருந்தார்கள் என்பது மட்டும்தான் புரிந்தது. புதிதாக வருகிறவர்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். லாசெட்டரை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் இவருடையதற்குத்தான் காகிதம் நிறைய இருக்கிறது.

ஆளைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஹெரால்ட் பெல் லாசெட்டர் 1880ல் விக்டோரியாவில் பிறந்தவர், பிறந்தபோது வைத்த பெயர் லூயிஸ் ஹூபர்ட். 1929 அக்டோபரில் கல்கூர்லி தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்பர்ட் கிரீனுக்கு ஒரு கடிதம் எழுதினார், மத்திய ஆஸ்திரேலியாவில் மிகப் பெரிய தங்க ரீஃப் (தங்கம் பாய்ந்த பாறைப் பட்டை) ஒன்று தனக்குத் தெரியும் என்று. அரசாங்கம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1930ல் சிட்னியில் ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கத்தின் ஜான் பெய்லியைப் போய்ப் பார்த்தார், அங்கே வேலை நடந்தது. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம், வேலையில்லாத் திண்டாட்டம், தங்கம் என்ற சொல்லுக்கே ஒரு மயக்கம். ஒரு கம்பெனி ஆரம்பித்துப் பணம் திரட்டி, லாரி, விமானம் எல்லாம் வாங்கி, ஃப்ரெட் பிளேக்லி தலைமையில் 1930 ஜூலை 21 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து கிளம்பினார்கள். விமானம் விழுந்து நொறுங்கியது, லாரி மணலில் திணறியது, ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் பிளேக்லி, இந்த ஆள் ஏமாற்றுக்காரர் என்று சொல்லி மூட்டையைக் கட்டிவிட்டார். லாசெட்டர் மட்டும் பால் ஜான்ஸ் என்கிற டிங்கோ (காட்டுநாய்) வேட்டைக்காரரோடு ஒட்டகங்களில் மேலே போனார். அவரோடும் கைகலப்பு வந்து, ஜான்ஸ் கடிதங்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிட, தனியாகப் போனவரை விட்டு ஒட்டகங்கள் ஓடிவிட்டன. 1931 ஜனவரிக் கடைசி வாக்கில் பீட்டர்மன் மலைப் பக்கம் இறந்தார். மார்ச்சில் பாப் பக் என்பவர் உடலைக் கண்டுபிடித்துப் புதைத்தார்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு நோட்டு எடுத்து மூன்று பத்தி பிரியுங்கள். அவரே எழுதியது அல்லது சொன்னது ஒன்று, கூட இருந்தவர்கள் சொன்னது ஒன்று, பிற்பாடு வந்தவர்கள் சொன்னது ஒன்று. எந்தத் தகவல் கிடைத்தாலும், அது நம்பும்படி இருக்கிறதா என்று யோசிக்கும் முன்பே, எந்தப் பத்தி என்று முடிவுசெய்து, தேதி போட்டு எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு மாதம் இப்படிச் செய்தால் மூன்றாவது பத்தி பக்கம்பக்கமாக நீள்வதும், முதல் பத்தி ஒரு தாளைத் தாண்டாததும் கண்ணுக்கே தெரியும். அமெரிக்காவில் அரிசோனாவின் சூப்பர்ஸ்டிஷன் மலையில் ஜேக்கப் வால்ட்ஸ் என்கிற ஜெர்மானியரின் தொலைந்த சுரங்கம் என்று ஒரு கதை உண்டு. அவர் 1891ல் இறந்தார். இறக்கும்போது சொன்னதாகச் சொல்லப்படுவது கொஞ்சம், அதற்குப் பின் ஐம்பது, அறுபது வருஷத்தில் அதில் சேர்ந்த மெக்சிகோக் குடும்பம், படுகொலை, கல்லில் செதுக்கிய வரைபடம் எல்லாம் ஏராளம். உண்மையான நினைவு நாளாக ஆக மங்கும். இந்தக் கதைகள் மட்டும் நாளாக ஆகத் துலக்கமாகும், அங்கேதான் காது விறைக்க வேண்டும்.

முதல் பத்தியை நிரப்ப ஆஸ்திரேலியாவிலேயே இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்நாட்டு தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை ட்ரோவ் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, 1930, 1931 என்று ஆண்டைக் கட்டிவைத்துத் தேடினால் பயணம் நடந்துகொண்டிருந்தபோதே வந்த செய்திகள் கிடைக்கும். 1931க்குப் பிந்திய எதையும் முதல் மாதம் படிக்காதீர்கள். அந்த வருஷமே ஒரு விறுவிறுப்பான புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது, அதற்கப்புறம் செய்தித்தாள்களே அந்தப் புத்தகத்தின் குரலில் பேச ஆரம்பித்துவிட்டன.

அடுத்து, ஆள் சொன்ன தேதிகளை ஒன்றோடொன்று மோதவிடுங்கள். தங்கத்தை விட்டுவிடுங்கள், தேதியை மட்டும் பாருங்கள். கிரீனுக்கு எழுதிய கடிதத்தில் பதினெட்டு வருஷமாகத் தெரியும் என்கிறார், அதாவது 1911. சில மாதம் கழித்து பெய்லியிடம் பேசும்போது முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்பு என்கிறார், அதாவது 1897, அப்போது அவருக்கு வயது 17. ஒருவர் தன் வாழ்நாளின் மிகப் பெரிய கண்டுபிடிப்பை எப்போது செய்தார் என்பதில் பதினான்கு வருஷம் வழுக்குவாரா? நம் வீட்டுப் பெரியவர்கள் கல்யாண வருஷத்தை மறப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்பது குழம்பாது. 1911ல் லாசெட்டர் கல்யாணமாகி அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து, நியூ சவுத் வேல்ஸில் தாபுலம் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்த ஆள். 1897 என்றால் பொடியன். போதாததற்கு, 1901 வரை நான்கு வருஷம் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்ததாகவும் அவரே சொல்லிக்கொண்டவர். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை.

இதே மாதிரி, அந்த ஆள் வேறு என்னவெல்லாம் சொல்லிக்கொண்டார் என்றும் பாருங்கள். சிட்னி துறைமுகப் பாலத்தின் வளைவு வடிவம் தன்னுடைய யோசனை என்றும் சொல்லிவந்தார். இதனால் ரீஃப் பொய்யாகிவிடாது. ஆனால் சாட்சியின் குணம் தெரிகிறது இல்லையா, அதை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கதைக்குள்ளிருக்கும் சின்னச் சின்ன விவரங்கள். பெரிய விவரத்தை (தங்கம்) சரிபார்க்க முடியாது, சின்னதைச் சரிபார்க்கலாம், பெரும்பாலும் கதை உடைவது அங்கேதான். 1897 கதையில், தான் மக்டோனல் மலைத் தொடருக்கு மாணிக்கக் கல் தேடிப் போனதாகவும் அங்கிருந்து மேற்கே போகும்போது ரீஃபைப் பார்த்ததாகவும் வருகிறது. மாணிக்க மோகம் உண்மையில் நடந்ததுதான். 1886ல் டேவிட் லிண்ட்சே என்ற ஆராய்ச்சிப் பயணி அந்த மலைத் தொடரில் சிவப்புக் கற்களைக் கண்டார், கூட்டம் ஓடியது, கம்பெனிகள் முளைத்தன. 1888 வாக்கில் அவை மாணிக்கம் இல்லை, வெறும் கார்னெட் என்று தெரிந்து எல்லாம் குப்புற விழுந்தது. அதற்கு ஒன்பது வருஷம் கழித்து ஒரு பையன் மாணிக்கம் தேடி அங்கே போகிறான் என்றால், சந்தை முடிந்து கடை கட்டிய பிறகு கூடையோடு வருகிற மாதிரி. முடியாதென்று இல்லை, எங்கோ ஒரு வதந்தியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் செவிவழியாகக் கேட்ட பழைய கதையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டினாலும் இப்படித்தான் இருக்கும்.

குதிரைகள் செத்து, சாகக் கிடந்தவரை ஆப்கன் ஒட்டகக்காரர் ஒருவர் காப்பாற்றி, ஹார்டிங் என்ற சர்வேயரின் முகாமுக்குக் கொண்டுபோனார் என்கிறார். ஆப்கன் ஒட்டகக்காரர்கள் அந்தக் காலத்தில் அங்கே நடமாடியது வரலாறு, அது பொருந்துகிறது. ஆனால் ஹார்டிங்? இந்த விவரங்களோடு ஒத்துப்போகிற ஒரு சர்வேயரை, இதுதான் அவர் என்று யாராலும் உறுதியாக நிறுவ முடிந்ததில்லை. இங்கே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: கதையில் வருகிற பெயரில்லாத ஆட்கள் பொருந்துவதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள், பெயருள்ள ஆள் பொருந்தினால் மட்டும் கொடுங்கள்.

கடிகாரக் கணக்குக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம். மூன்று வருஷம் கழித்து ஹார்டிங்கும் தானும் திரும்பிப் போய் ரீஃபைக் கண்டுபிடித்து அதன் இருப்பிடத்தை அளந்து குறித்ததாகவும், மேற்குக் கடற்கரைக்கு வந்த பிறகுதான் தங்கள் கடிகாரங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தவறாக ஓடியது தெரிந்ததாகவும், அதனால்தான் குறித்த இடம் தப்பாகிவிட்டது என்றும் லாசெட்டர் சொன்னார். கேட்பதற்கு எவ்வளவு நம்பும்படி இருக்கிறது பாருங்கள், சாதாரண மனிதத் தவறு. இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். சூரியன் காட்டும் நேரத்தைக் கடிகார நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் தீர்க்கரேகையை, அதாவது கிழக்கு மேற்கில் எங்கே நிற்கிறோம் என்பதை, கணக்கிடுவார்கள். பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுற்றுகிறது. கடிகாரம் ஒரு மணி நேரம் பிசகினால் தீர்க்கரேகை 15 டிகிரி பிசகும். பீட்டர்மன் மலைப் பக்கத்து அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகை என்பது சுமார் 100 கிலோமீட்டர், ஆக மொத்தம் 1500 கிலோமீட்டர். பீட்டர்மன் மலை இருப்பது 129 டிகிரி கிழக்கை ஒட்டி. அதிலிருந்து 15 டிகிரி மேற்கே போனால் 114, இந்துமாக் கடற்கரையில் கார்னர்வன் வந்துவிடும். கிழக்கே போனால் 144, குயின்ஸ்லாந்தின் நடுவில் லாங்ரீச் ஊர். தொழில்முறை சர்வேயர் ஒருவர் பாலைவனத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டு, தான் நிற்பது கடற்கரையில் என்று காட்டுகிற கணக்கைச் சந்தேகமில்லாமல் எழுதிவைத்திருப்பாரா?

இதோடு முடியவில்லை. கடிகாரம் கெடுப்பது கிழக்கு மேற்கை மட்டும்தான். வடக்கு தெற்கு தெரியக் கடிகாரமே வேண்டாம், உச்சிவேளைச் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். ஆனால் 1930ல் இன்றைக்கு லீஸ்லர் மலை எனப்படும் குன்றின் மேல் நின்றுகொண்டு லாசெட்டர் பிளேக்லி குழுவிடம் சொன்னது என்ன தெரியுமா, நாம் 150 மைல் அதிகமாக வடக்கே வந்துவிட்டோம் என்று! சுமார் 240 கிலோமீட்டர். அவர் சொன்ன தவறு ஒரு திசையில், திருத்தம் இன்னொரு திசையில். இதைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் கதையை நம்புவதை விட்டேன், அதுவரை மனசுக்குள் ஒரு ஓரமாக ஆசை இருந்தது.

பாறையைக் கேட்பது அடுத்தது. புவியியல் படித்திருக்க வேண்டாம். ரீஃப் என்றால் பாறையின் வெடிப்புகளுக்குள் சூடான நீர்மம் ஏறி, குவார்ட்ஸும் அதோடு சில சமயம் தங்கமும் படிந்து உறைந்த பட்டை. கோலார் தங்கவயலில் வேலை பார்த்த குடும்பத்துத் தமிழர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை, சாம்பியன் ரீஃப் என்று அங்கே ஒரு ஊரே இருக்கிறது. வெள்ளைக் குவார்ட்ஸ் உலகம் முழுக்கக் கிடக்கிறது, தங்கமுள்ளது அதில் மிகக் கொஞ்சம். கல்கூர்லியிலும் கோலாரிலும் தங்கம் இருப்பது பச்சைக்கல் எனப்படும் மிகப் பழைய எரிமலைப் பாறைப் பட்டைகளில். பீட்டர்மன் பக்கம் பெரும்பாலும் கிரானைட், நைஸ், குவார்ட்சைட் என்று வேறு வகை. ஆஸ்திரேலியப் புவியியல் துறையின் வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, நிறத்தை வைத்தே இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம். இதனால் தங்கம் இல்லவே இல்லை என்று ஆகிவிடாது, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதைவிட வலுவான சோதனை ஓடை. லாசெட்டர் சொன்ன அளவு டன்னுக்கு மூன்று அவுன்ஸ், அதாவது 90 கிராமுக்கு மேல், இன்றைக்கு டன்னுக்கு ஒன்றிரண்டு கிராம் கிடைத்தாலே பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள் ஓடுகின்றன. அவ்வளவு செழிப்பான பாறை மைல்கணக்கில் தரைக்கு மேலே நின்று, கோடிக்கணக்கான வருஷம் வெயிலும் எப்போதாவது வரும் வெள்ளமும் அதைத் தின்றிருந்தால், சுற்றியுள்ள ஓடைமணல் முழுக்கத் தங்கத்தூள் சிதறியிருக்க வேண்டும். பொன்வேலைக்காரர் தெருவில் சாக்கடை மண்ணை அள்ளி அரிக்கிறவர்களுக்குத் தெரியும், மேலே தங்கம் இருந்தால் கீழே வந்தே தீரும். ரீஃபைத் தவறவிடலாம், அதன் கசிவை இத்தனை பேர் இத்தனை வருஷம் தவறவிடுவது கடினம். எர்னஸ்ட் கைல்ஸ் 1870களிலேயே அந்தப் பக்கம் போயிருக்கிறார், டீட்கன்ஸ் 1889ல் போயிருக்கிறார், 1931க்குப் பிறகு விமானத்திலும் ஜீப்பிலும் போனவர்களுக்குக் கணக்கில்லை.

இங்கே ஒரு எதிர்க்கதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லா வதந்தியும் பொய் என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்கள். கோலாரும் ஒரு காலத்தில் வதந்திதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, அந்தப் பக்கத்துக் கிராமத்தார் தங்கம் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்றார். அவர்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசித் தங்கத்துகளைக் காட்டினார்கள். அதை அவர் எழுதிவைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து அதைப் படித்த லாவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் 1871ல் பெங்களூரிலிருந்து கிளம்பிப் போய்ப் பார்க்க, அங்கிருந்துதான் தங்கவயலே பிறந்தது. வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே ரகசியம் இல்லை, ஊரே செய்த வேலை, இடம் தெரியும், யார் வேண்டுமானாலும் மறுபடி அலசிப் பார்க்கலாம். லாசெட்டரிடம் ஒரு ஆள், ஒரு ரகசியம், சாட்சிக்கு வராத ஒரு சர்வேயர்.

ஆப்கன்களையும் சர்வேயர்களையும் தேடுகிறவர்கள், அந்த மண்ணின் பழங்குடிகளான அனங்கு மக்களைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நீர்க்குழிக்கும் பாறைக்கும் பெயர் வைத்து வாழ்ந்தவர்கள். கடைசி மாதங்களில் லாசெட்டருக்குச் சோறு போட்டதும் அவர்கள்தான், அவர் இறந்த செய்தி பாப் பக்குக்கு எட்டியதும் அவர்கள் வழியாகத்தான். தங்கத்துக்கு அவர்களிடையே விலை இல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் மைல்கணக்கில் நீண்டு நிற்கும் ஒரு வெள்ளைப் பாறைச் சுவர் அவர்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

புதிதாக வருகிறவர்கள் கடைசியில் தடுக்கி விழுகிற கல் ஒன்று உண்டு. "பொய்யென்றால் அதற்காக ஏன் செத்தார்?" இந்தக் கேள்விக்கு முன்னால் நிறையப் பேர் நோட்டை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். அவர் எழுதிவைத்த டைரி சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் இருக்கிறது. ரீஃபைக் கண்டு, உரிமை கோரி முளையடித்துவிட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறார்தான். அதே டைரியில் கண் நோய், பசி, தனிமை, எவ்வளவு தங்கம் இருந்தென்ன ஒரு ரொட்டிக்காக எல்லாவற்றையும் கொடுத்துவிடுவேன் என்கிற புலம்பல். மனைவிக்கு எழுதுகிற இடங்களைப் படித்தால் தொண்டை அடைக்கும். ஆனால் அந்தச் சாவு அவருடைய ஒட்டகங்கள் ஓடியதால் வந்தது, தங்கத்தால் வந்ததில்லை. ஒருவர் உயிரைக் கொடுத்தார் என்பது அவர் எவ்வளவு நம்பினார், அல்லது எவ்வளவு தூரம் மாட்டிக்கொண்டார் என்பதற்குச் சாட்சி, பாறைக்குச் சாட்சி இல்லை. பிளேக்லியோ நேரெதிர்த் திசையில் போனார், அது லாசெட்டரின் உடலே இல்லை, ஆள் தப்பித்துவிட்டார் என்று பின்னாளில் எழுதினார். அதையும் எந்தப் பத்தியில் போட வேண்டும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

என் கணிப்பைக் கேட்டால், 1897 பயணம் அவர் சொன்னபடி நடக்கவில்லை. சுரங்கக்காரர்களிடம் அங்கங்கே கேட்ட துண்டுகளைக் கோர்த்து ஒரு கதை செய்தார், வேலையில்லாத காலத்தில் அதற்கு ஒரு விலை இருந்தது, பிறகு விமானமும் லாரியும் வந்து நின்றபோது பின்வாங்க முடியவில்லை. போகப்போக அவரே நம்பியிருக்கவும் கூடும். இதில் கடைசி வாக்கியம் மட்டும் ஊகம், பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேரில் போய்ப் பார்க்க ஆசையிருந்தால் போகலாம். உலுரு பக்கத்து யுலாராவிலிருந்து மேற்கே, கால்டுகட்ஜாரா ஊருக்குப் போகிற மண்சாலையில், அந்த ஊருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் முன்னால், சாலையை ஒட்டியே அவர் தங்கிய குகை இருக்கிறது. அது பழங்குடி மக்களின் நிலம், கடந்துபோகவே மத்திய நில மன்றத்திடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், எல்லை தாண்டி மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் போனால் அதற்குத் தனி அனுமதி. மெட்டல் டிடெக்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அனுமதி இல்லாமல் அங்கே எதையும் தோண்டக் கூடாது. அரிசோனா மலையிலும் 1984லிருந்து புதிதாகச் சுரங்க உரிமை கோர முடியாது. தண்ணீரையும் டீசலையும் தேவைக்கு இருமடங்காக எடுத்துக்கொண்டு, வெயில் குறைந்த மே முதல் ஆகஸ்ட் மாதங்களில் போங்கள். லாசெட்டர் அந்தக் குகையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்துவிட்டு, ஜனவரி வெயிலில் கிழக்கே 140 கிலோமீட்டர் தள்ளியிருந்த கட்டா ஜூட்டா குன்றுகளை நோக்கி நடக்க ஆரம்பித்தார். சுமார் 55 கிலோமீட்டர் நடந்தார். காரில் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவாக ஆகிற தூரம், ஓரமாக நிறுத்தி இறங்கி ஒரு கிலோமீட்டராவது நடந்து பாருங்கள், டைரி வேறு மாதிரி படிக்கும்.